கிறிஸ்துமஸ் கைவேலை: 2 முதல் 6 வயது வரை, சின்ன விரல்களுக்கு

டிசம்பர் நெருங்கினால் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் கைவேலைகள் எங்கு பார்த்தாலும் கண்ணில் படும். அவற்றில் பாதிக்கு மேல் பெரியவர்கள் செய்து முடிப்பவை. அம்மாவோ டீச்சரோ வெட்டி, மடித்து, ஒட்டித் தருவார். குழந்தை கடைசியில் பனிமனிதனுக்கு ஒரு கண் ஒட்டும். சுவரில் மாட்ட அழகாக இருக்கும், ஆனால் அந்தக் குழந்தையின் விரல்கள் எதையும் கற்றிருக்காது. இங்கே சொல்லியிருப்பவற்றில் கடினமான வேலை எல்லாம் குழந்தைக்கு, முன்னேற்பாடு மட்டும் உங்களுக்கு. நட்சத்திரம் கோணலாக வரும், மரம் ஒரு பக்கம் சாயும். அதைத் திருத்தாமல் அப்படியே மாட்டுங்கள்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது வயதைவிடக் கையைப் பாருங்கள். கட்டைவிரலாலும் ஆட்காட்டிவிரலாலும் சின்னப் பொருளைக் கிள்ளி எடுக்கும் பிடி ஒரு வயதை ஒட்டியே வந்துவிடும். பெரிய மணிகளைக் கோப்பது இரண்டரை, மூன்று வயதில் கைகூடும். மூன்று வயதில் கத்தரிக்கோலால் தாளின் ஓரத்தைத் துண்டு துண்டாக நறுக்க முடியும். நேர்கோட்டின் மேல் வெட்ட நான்கு வயது ஆகும், முக்கோணம், சதுரம் வெட்ட ஐந்து. குழந்தைக்குக் குழந்தை இது பல மாதம் முன்பின்னாக இருக்கும். ஒன்று வரவில்லை என்றால் அதற்கு முந்தைய படிக்கு இறங்குங்கள்; அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால் குழந்தை கையை இழுத்துக்கொள்ளும்.

தொடங்கும் முன் பாதுகாப்பு. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத் தரும் பொருள் எதையும் டிஷ்யூ ரோலின் நடுக்குழலுக்குள் போட்டுப் பாருங்கள். உள்ளே போகிறது என்றால் அது தொண்டையில் சிக்கக்கூடிய அளவு. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் தரவே தராதீர்கள். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் சின்ன விளக்கு போன்றவற்றில் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பதால் இவை மேசைக்கே வரக் கூடாது. சின்னக் காந்தங்கள், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள், கண்ணாடி உருண்டைகள் ஆகியவையும் அப்படியே.

சுவரில் ஒட்டும் மரம்

இரண்டு வயதுக் குழந்தையை மேசையில் உட்கார வைக்காமல் சுவர் முன் நிறுத்துங்கள். பச்சை சார்ட் பேப்பரில் சுமார் 40 செ.மீ. உயர முக்கோணம் வெட்டி ஒட்டுங்கள். அடிப்பகுதி குழந்தையின் மார்பு உயரத்திலும், உச்சி கையைத் தூக்கினால் எட்டும் இடத்திலும் இருக்கட்டும். வட்ட ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்து மரத்தில் ஒட்டுவதுதான் வேலை.

சுவர் எதற்கு என்றால், கையின் வளர்ச்சி தோளில் தொடங்கி விரலில் முடிகிறது. தோளும் மணிக்கட்டும் ஆடிக்கொண்டிருந்தால் விரல் நுனிக்குக் கட்டுப்பாடு வராது. செங்குத்தான பரப்பில் வேலை செய்யும்போது தோள் தாங்குகிறது, மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கி மடிகிறது, அதனால் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் தாமாகவே எதிரெதிராக வந்து நிற்கின்றன. எழுதுவதற்கு வேண்டிய கைவாகும் இதுதான்.

ஸ்டிக்கர் உரிய மாட்டேன் என்கிறது என்பதுதான் வழக்கமான தகராறு. தாளில் ஸ்டிக்கர்களைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியை முதலில் நீங்கள் உரித்துப் போட்டுவிடுங்கள். வட்டங்கள் மட்டும் மிஞ்சும். பிறகு தாளைப் பின்பக்கமாக வளைத்துப் பிடித்தால் ஓரம் எழும்பும். நகம் பட்டாலே போதும், மிச்சத்தைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.

கிழித்து ஒட்டும் மரம்

கத்தரிக்கோல் பிடிக்கும் முன் கிழிக்கக் கற்க வேண்டும். பச்சைத் தாளை 3 செ.மீ. அகல நாடாக்களாக நீங்கள் வெட்டித் தாருங்கள், குழந்தை அதைத் துண்டு துண்டாகக் கிழித்து, மரம் வரைந்த அட்டையில் ஒட்டட்டும். புதிதாகக் கிழிக்கும் குழந்தை தாளை இரு முஷ்டியிலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும். தாள் கிழியாது, குழந்தைக்குக் கோபம் வரும். இரண்டு கட்டைவிரல் நுனிகளும் ஒன்றையொன்று தொடுமாறு தாளைப் பிடிக்க வைத்து, ஒரு கை தன் பக்கமும் மறு கை எதிர்ப்பக்கமும் போகட்டும். முதல் சில நாடாக்களில் ஓரத்தில் அரை செ.மீ. கீறல் போட்டுத் தந்தால் கிழிசல் அங்கிருந்து ஓடும். செய்தித்தாள் ஒரு திசையில் நேராகவும் மறு திசையில் கோணலாகவும் கிழியும். எந்தத் திசை என்று முதலில் நீங்களே கிழித்துப் பார்த்துவிட்டு, நேராகக் கிழியும் பக்கமாக நாடாவைப் பிடிக்கக் கொடுங்கள்.

கிளிப் வளையம்

கதவில் மாட்டும் பச்சை வளையத்தை, துணி காயப்போடும் கிளிப்களால் செய்யலாம். 20 செ.மீ. வட்ட அட்டையின் நடுவில் 10 செ.மீ. வட்டத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். குழந்தை சுற்றிலும் கிளிப்களை மாட்டும். பெட்டி அட்டை தடிமனாக இருந்தால் கிளிப் வழுக்கிப் பறக்கும், மெல்லிய அட்டையே நல்லது. கிளிப்பின் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் குழந்தை உள்ளங்கை முழுவதையும் வைத்து அமுக்கும், விரல் நுனிக்கு வேலை போய்விடும். ஆகவே மிருதுவான கிளிப்பாகப் பொறுக்கிக் கொடுங்கள். மோதிரவிரலும் சுண்டுவிரலும் குறுக்கே வந்துகொண்டே இருந்தால், ஒரு சின்ன டிஷ்யூ உருண்டையை அந்த இரண்டு விரல்களுக்குள் மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற மூன்று விரல்களும் வேலைக்கு வந்துவிடும்.

மணி கோத்த மிட்டாய்க்கோல்

சிவப்பும் வெள்ளையுமாக வளைந்த கைத்தடி போன்ற கிறிஸ்துமஸ் மிட்டாய்க்கோலை பைப் கிளீனரில் (ரோமம் சுற்றிய மெல்லிய கம்பி) செய்வது, கோப்பதற்கான மிகச் சிறந்த ஆரம்பம். பைப் கிளீனரின் ரோமம் மணியைப் பிடித்துக்கொள்ளும், கை நழுவினாலும் கோத்தது கொட்டிப்போகாது.

வழக்கமான 30 செ.மீ. பைப் கிளீனரைப் பாதியாக வெட்டுங்கள். வெட்டிய முனையில் உள்ளே இருக்கும் கம்பி ஊசியாகக் குத்தும், அதில் சின்ன டேப் துண்டைச் சுற்றிவிடுங்கள். அடிமுனையில் ஒரு மணியைக் கோத்து, கம்பியை மடித்து முறுக்கித் தடுப்பு போடுங்கள். 4 மி.மீ. துளையுள்ள, 6 மி.மீ. உயரமுள்ள மணிகள் என்றால் தடுப்பு மணியையும் சேர்த்துச் சிவப்பில் 8, வெள்ளையில் 8 போதும். கோத்து முடித்ததும் சுமார் 10 செ.மீ. நிறையும், மேலே வளைக்கவும் முனையை மடக்கவும் இடம் இருக்கும். இரண்டு நிறங்களையும் தனித்தனிக் கிண்ணங்களில், ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். எதிர்ப்பக்கக் கிண்ணத்து மணியை எடுக்கும்போதெல்லாம் கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்வரும், அந்தத் தாண்டலே தனிப் பயிற்சி.

கோக்கும் கையை அருகில் இருந்து பாருங்கள். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மறு கை மணியைக் கம்பி முனை வரை கொண்டுவந்து நுழைக்கும். அங்கேதான் பல குழந்தைகள் நின்றுவிடுவார்கள். மணியை விட்டால் விழும், விடாவிட்டால் கம்பி முன்னே வராது. கம்பியைப் பிடித்த கை அதை விட்டுவிட்டு, மறுபக்கம் எட்டிப்பார்க்கும் முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். இந்தக் கைமாற்றம் வராத குழந்தைக்கு, மாவு உருண்டையில் கம்பியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்திக் கொடுங்கள். மேலிருந்து மணியைப் போட்டால் போதும், ஒரு கை வேலைதான். அது பழகியதும் கம்பியைக் கையில் கொடுக்கலாம்.

நூல் கோக்கும் நட்சத்திரம்

பைப் கிளீனரில் தேறிய குழந்தைக்கு அடுத்தது தளர்வான நூல். கை அகல அட்டை நட்சத்திரத்தின் ஓரமாகப் பஞ்சிங் மெஷினால் துளையிடுங்கள். துளை ஓரத்திலிருந்து 1 செ.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் நூலை இழுக்கும்போது அட்டை பிய்ந்துவிடும். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் 3 செ.மீ. விட்டால் கண் வழி தவறாது. உல்லன் நூல் 60 செ.மீ. போதும். நீளம் கூடினால் ஒவ்வொரு இழுப்பிலும் சிக்கு விழும், கழுத்தில் சுற்றும் அபாயமும் உண்டு. நூலின் ஒரு முனையில் 3 செ.மீ.க்கு டேப்பை இறுகச் சுற்றினால் ஷூ லேஸ் முனைபோல விறைப்பாக நிற்கும். மறு முனையை முதல் துளையில் முடிந்துவிடுங்கள். குழந்தை மேலிருந்து கீழே கோத்துவிட்டு, அடுத்த துளைக்கும் ஓரத்தைச் சுற்றி மேலிருந்தே வந்தால் தடுக்காதீர்கள், அதுவும் சரியான கோப்புதான். உள்ளே, வெளியே என்று மாறி மாறிப் போவது பிறகு வரும்.

கத்தரிக்கோல்

பெரியவர்கள் அதிகம் அவசரப்படுவது இதில்தான். குழந்தை வெட்டும்போது மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: ஒரு கை திறந்து மூட, மறு கை தாளைத் திருப்ப, கண் கோட்டைப் பிடிக்க. மூன்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள்.

முதலில் திறந்து மூடுவது மட்டும். 2 செ.மீ. அகல சார்ட் பேப்பர் நாடாக்களைத் தாருங்கள். ஒரே வெட்டில் துண்டாகி விழும், ஒவ்வொரு மூடலுக்கும் கைமேல் பலன். விழுந்த துண்டுகளைத் திறந்த டப்பாவில் சேர்த்தால் பனிமனிதனுக்குப் பனி தயார். மெல்லிய தாள் சுலபம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து சிக்கிக்கொள்ளும். தாள் சற்று விறைப்பாக இருந்தால்தான் நிமிர்ந்து நின்று வெட்டுப்படும்.

கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும், முழங்கை விலாவை ஒட்டியிருக்க வேண்டும். முழங்கை இறக்கைபோல வெளியே தூக்கியிருந்தால் கை கவிழ்ந்துவிட்டது என்று பொருள். கட்டைவிரல் நகத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்து, "அது உன்னையே பார்த்துக்கிட்டு இருக்கணும்" என்று சொன்னால் போதும், குழந்தை தானே திருத்திக்கொள்ளும். தாள் பிடிக்கும் கையின் கட்டைவிரலிலும் ஒன்று வரையலாம்.

இடது கைக்காரக் குழந்தைக்கு இடது கைக் கத்தரிக்கோலே வேண்டும். சாதாரணக் கத்தரிக்கோலில் அலகுகளின் அடுக்கு வலது கைக்கு ஏற்றது. இடது கையால் அமுக்கும்போது அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், தாள் மடியும், வெட்டும் கோடும் அலகுக்குப் பின்னால் மறைந்துபோகும். "இவனுக்கு வெட்டவே வரலை" என்று சொல்லப்படும் பிள்ளைகளில் சிலருக்குக் குறை கையில் இல்லை, கருவியில்தான்.

துண்டு நறுக்குவது சலித்ததும் நேர்கோடு, அதன்பின் மரத்தின் முக்கோணம், கடைசியாகத்தான் வட்டங்கள். கோட்டை விரல் அகலத்துக்குத் தடிமனாக வரைந்து தொடங்கி, வாரத்துக்கு வாரம் மெல்லியதாக்குங்கள். வட்டத்தை வலது கைக்காரர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், இடது கைக்காரர் கடிகாரத் திசையிலும் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் நேராகவே போகட்டும், திரும்ப வேண்டியது தாள்.

உப்பு மாவில் செய்யும் நட்சத்திரத் தொங்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் ஏறக்குறைய 1 கப்; தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைய வேண்டும். அரை செ.மீ. கனத்தில் தட்டி, நட்சத்திரமாக வெட்டி, ஈரத்திலேயே ஸ்ட்ராவால் நூல் துளை போட்டுவிடுங்கள், காய்ந்தபின் குத்தினால் உடையும். ஓவனில் 100 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் காய வைக்கலாம். சூடு கூடினால் மேலே கொப்புளம் எழும்பும். விரலில் கீறல் இருக்கும் குழந்தைக்கு எரியும், அன்று வேண்டாம். இந்த மாவை வாயில் போட விடாதீர்கள். அவ்வளவு உப்பு குழந்தைக்கும் ஆகாது, வீட்டு நாய்க்கும் ஆகாது.

24 வளையச் சங்கிலி

டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒரு வளையம் கிழித்து, கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணும் சங்கிலி இது. வெட்டுவது, ஒட்டுவது, கோப்பது, கிழிப்பது எல்லாம் இதில் வந்துவிடும். நான்கு வயதுக்கு மேல் சரியாக இருக்கும்.

ஏ4 தாளின் குறுகிய பக்கத்துக்கு இணையாக 2.5 செ.மீ. இடைவெளியில் கோடு போட்டால் ஒரு தாளில் 21 செ.மீ. நீளமுள்ள 11 நாடாக்கள் கிடைக்கும். மூன்று தாள் எடுத்தால் 24 போக மீதியும் இருக்கும், கிழிந்ததற்கு ஈடு. ஒவ்வொரு நாடாவின் ஒரு முனையிலும் 2 செ.மீ. தள்ளிக் கோடு போடுங்கள், பசை அந்தக் கோட்டுக்குள் மட்டும். குச்சிப் பசைதான் இதற்கு ஏற்றது. திரவப் பசை உடனே பிடிக்காது, குழந்தை கையை எடுத்ததும் வளையம் விரிந்துவிடும். ஒட்டியதும் அந்த இடத்தை இரு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். பிடியும் வலுக்கும், பசையும் பிடிக்கும்.

குழந்தை தடுமாறும் இடம் இரண்டாவது வளையம். நாடாவை முதல் வளையத்துக்குள் நுழைக்காமலேயே ஒட்டிவிடும். முடிந்த வளையத்தை நீங்கள் கையில் தூக்கிப் பிடித்து, "இந்த ஜன்னல் வழியா உள்ளே போ" என்று சொல்லி நாடாவை நுழைக்க வையுங்கள். இரண்டு மூன்று வளையத்துக்குப் பின் பிடிபட்டுவிடும்.

இந்த வயதில் ஒரே மூச்சில் பத்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் அதிகம். கையை உதறுவது, பிடி முஷ்டியாக மாறுவது, தலை மேசையில் சாய்வது எல்லாம் விரல் களைத்ததற்கு அடையாளம், அத்துடன் நிறுத்திவிடுங்கள். நாளுக்கு ஐந்தாறு வளையம் என்றால் 24 முடிய நான்கைந்து நாள் ஆகும். டிசம்பர் 1 காலையில் முதல் வளையத்தைக் கிழிக்க வேண்டுமானால், நவம்பர் 26 அன்றே நாடாக்களுக்குக் கோடு போட்டு வைத்துவிடுங்கள்.