கரிசல் எவ்வளவு தூக்கும்? மண்ணின் வீக்க அழுத்தத்தை அளக்கும் முறை

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் அத்தை கட்டிய வீட்டில், முதல் ஐப்பசி மழைக்கே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடியது. கம்பியிலும் சிமெண்டிலும் குறை இல்லை. மண்ணை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. அதற்கப்புறம் ஆய்வகத்தில் கரிசல் மண் வந்தால் நானே முன்னால் போய் நிற்பேன்.

மண் எடுக்கும் நேரம்தான் ரொம்ப முக்கியம். மழைக்குப் பிறகு கரிசல் தண்ணீர் குடித்து ஏற்கெனவே உப்பியிருக்கும். சோதனையில் சாதுவாகத் தெரியும். சித்திரை, வைகாசியில் நிலம் பாளம் பாளமாக வெடித்திருக்கும்போது, அஸ்திவாரம் உட்காரும் ஆழத்திலிருந்து கலையாத மாதிரி எடுத்து, ஈரம் மாறாமல் மெழுகு பூசிக் கொண்டுவாருங்கள்.

முதலில் ஒரு எளிய சோதனை. ஓவனில் உலர்த்தி 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண், ஜாடிக்கு 10 கிராம். ஒரு ஜாடியில் வாலை வடிநீர், மற்றதில் சீமெண்ணெய். சீமெண்ணெயில் களிமண் உப்பாது. ஒரு நாள் கழித்து நீரில் 19 மி.லி., எண்ணெயில் 10 மி.லி. என்றால் வீக்கம் 90 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே அடுத்த சோதனை அவசியம்.

அது கன்சாலிடோமீட்டரில், அதாவது மண் வில்லையின் மேல் பாரம் ஏற்றி உயர மாற்றத்தை டயலில் அளக்கும் கருவியில். 20 மி.மீ. உயர வில்லையை வளையத்தில் வைத்து, 5 கிலோபாஸ்கல் (அழுத்த அலகு) சிறு பாரம் ஏற்றி, தண்ணீர் விடுங்கள். டயல் முள் நிற்க நாலைந்து நாள் ஆகலாம், அவசரப்படாதீர்கள். பிறகு பாரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு முறையும் முள் நின்றபின். 100 கிலோபாஸ்கலில் வில்லை பழைய உயரத்துக்கு 0.4 மி.மீ. மேலே, 200-ல் 0.1 மி.மீ. கீழே என்று வைத்துக்கொள்வோம். பாரத்தை மடக்கை (log) அளவில் குறிக்கும் வரைதாளில் கோடு பூஜ்ஜியத்தை வெட்டும் இடம் சுமார் 175 கிலோபாஸ்கல். உப்பிய மண்ணைப் பழைய உயரத்துக்கே அமுக்கும் அந்தப் பாரம்தான் வீக்க அழுத்தம். உப்பவே விடாமல் அளக்கும் முறையைவிட இது சற்றுக் கூடுதலாகக் காட்டும்; வீட்டுக்கு நல்லதுதான்.

இப்போது வீட்டின் பாரத்தைப் பாருங்கள். மீட்டருக்கு 3 டன் இறக்கும் ஒற்றை மாடிச் சுவர், 0.9 மீட்டர் அகல அடித்தளத்தில் தருவது சுமார் 33 கிலோபாஸ்கல். மண் 175-ல் தள்ளுகிறது. சின்ன வீடுகள்தான் அதிகம் வெடிப்பது இதனால்தான்.

இப்படிப்பட்ட மண்ணில் அண்டர்ரீம்டு பைல், அதாவது அடிப்பக்கம் குமிழ்போல் அகலும் கான்கிரீட் தூண், போடச் சொல்வேன். பைல்மேல் வரும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே, மண் உப்ப இடம் கொடுத்து விட்ட இடைவெளியை மேஸ்திரி மண் போட்டு அடைத்துவிடாமல் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.