ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறதா? கார் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது காரில் சின்னச் சின்னத் தொல்லை வருவது சகஜம். பழுது பார்த்த பிறகும் அதே தொல்லை இரண்டாவது, மூன்றாவது முறை தலைகாட்டினால் தயாரிப்பிலேயே குறை இருக்கலாம். அப்போது பலரும் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றையும் வாயாலேயே பேசி முடிப்பது. "ஓட்ட ஓட்டச் சரியாயிடும் சார்" என்று சர்வீஸ் சென்டரில் சொன்னதற்குச் சாட்சி ஏது? என்ன வேலை என்று அவர்கள் எழுதும் ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'ஏற்றத்தில் இரண்டாவது கியரில் உதறுகிறது' என்று நீங்கள் சொன்னபடியே, தேதி, கிலோமீட்டரோடு எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும்.

அமெரிக்காவில் இத்தகைய கார்களுக்கென்றே 'லெமன் சட்டம்' உண்டு. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது; 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் கதி. தயாரிப்புக் குறை என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். நிபுணர் அறிக்கையும் தேவைப்படலாம். புகார் கொடுக்க 2 ஆண்டுதான் கெடு என்பதால், "அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்" என்று இழுப்பது நமக்கே நஷ்டம். வாரண்டி முடியும் முன் வெளியில் ஹாரன், லைட்டுக்காக வயரை வெட்டி ஒட்டினால், கைவிரிக்கக் கம்பெனிக்கு நல்ல சாக்கு.

அப்புறம், கார் வாங்கும் முன் டெஸ்ட் டிரைவ். சேலம் ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் போதாது. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே ஓட்டிப் பார்க்கலாமா என்று ஷோரூமில் கேட்டுப் பாருங்கள், தயங்கினால் வற்புறுத்துங்கள். ஏசியைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள். வெப்ப முள் ஏறுகிறதா, ஆட்டோமேட்டிக் கியர் திணறுகிறதா, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது 'டக் டக்' சத்தம் வருகிறதா? இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? ஆனால் நியூட்ரலில் இறங்கி, பிரேக்கைச் சூடேறவிட்டுவிட்டு காரைக் குறை சொல்லக் கூடாது.

பழைய கார் என்றால், போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தத்தை மறைக்க நினைக்கிறார்களோ என்று யோசிக்கலாம். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால், பழைய எரர் கோடுகளை (கோளாறுப் பதிவுகளை)ச் சமீபத்தில் அழித்திருப்பதும் பல நேரம் தெரிந்துவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் 17 இலக்க சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது) ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், காசு கொடுக்கும் முன் பழைய ஓனரையே அதை முடித்துத் தரச் சொல்லுங்கள். வழக்கமாக அந்த வேலைக்குக் கட்டணம் வாங்க மாட்டார்கள்.