கையெழுத்துப் பார்த்துப் பலன் சொல்பவரிடம் போகுமுன்

போன மாதம் ஒரு தாய் என் ரியூஷன் மேசையில் நாலு பக்க ரிப்போர்ட் ஒன்றை வைத்தார். "மிஸ், எழுத்தைப் பார்த்தே சொல்லிட்டாங்க. இவனுக்குக் கணக்கு சரிவராதாம்." கட்டிய காசு 5,000 ரூபாய். மகன் படிப்பது தரம் 10.

வெள்ளவத்தையில் 19 வருடமாகக் கொப்பி திருத்துகிறேன். நீங்களும் காசு கட்ட யோசித்தால், முதலில் இதைச் செய்து பாருங்கள்.

ஐந்தாறு பிள்ளைகளைக் கூப்பிட்டு, பாடப்புத்தகத்தில் ஒரே பந்தியை எழுதச் சொல்லுங்கள். ஒரே பேனை, ஒரே கடதாசி. சொந்தக் கதை வேண்டாம். "அப்பா டுபாயில், எனக்கு கிரிக்கெட் என்றால் உயிர்" என்று எழுதினால், பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது எழுத்தா, கதையா? வேலைக்கு ஆள் எடுக்கக் கையெழுத்துப் பார்த்த ஆய்வுகளை நேட்டர், பென்-ஷாகர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1989இல் தொகுத்துப் பார்த்தார்கள். இந்தத் துறையே படிக்காதவர்களைவிடக் கையெழுத்து நிபுணர்கள் நன்றாகக் கணிக்கவில்லை.

தாளில் பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள். இலக்கப் பட்டியலை இன்னொருவரிடம் கொடுத்துவையுங்கள். அப்புறம் நிபுணரிடம் தாள்களை நீட்டி, "போன தவணைக் கணக்குப் புள்ளிப்படி வரிசைப்படுத்தித் தாங்க" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் காசு மிச்சம்.

ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டதா? பெயரை மறைத்து வேறு பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். "வெளியே தெரியாத திறமை உண்டு, சில வேளை தயக்கம்" என்று நான் வாசித்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, "ஐயோ மிஸ், இது நான்தான்!" என்றாள். அமெரிக்காவில் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரே குணக்குறிப்பைக் கொடுத்து, தனித்தனியாகக் கணித்தது என்று நம்பவைத்தார். 5க்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். 1949இல் அச்சான கட்டுரை அது.

ஒரு வேடிக்கை. அந்தத் தாயின் பையன் தமிழ்மொழி மூலம் படிக்கிறவன். அவனை ஆங்கிலத்தில் எழுதவைத்து, 't' எழுத்தின் குறுக்குக்கோடு தாழ இருக்கிறது, ஆகவே தன்னம்பிக்கை குறைவு என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தார்கள். ஆனா ஆவன்னாவுக்கு அவர்களிடம் பலன் இல்லைப் போல.

எழுத்தில் பார்க்க வேண்டியது வேறு. அவனுடைய தவணைத் தாளை எடுத்தேன். கடைசி இரண்டு கேள்வியும் வெறுமை. ரகரத்தின் கீழ்ச் சாய்கோட்டை விட்டுவிடுவதால் 'மரம்' எல்லாம் 'மாம்' என்று கிடக்கிறது. திருத்துகிறவர் களைத்திருந்தால் புள்ளி போகும். நானே அப்படிக் குறைத்திருப்பேன். ஃபோனில் 5 நிமிட டைமர் வைத்து எழுதச் சொன்னேன். விரல் வெளுக்கப் பேனையை நெரித்தான். மூன்றாம் நிமிடமே கையை உதறினான். மற்றப் பிள்ளைகள் எழுதியதில் பாதிதான் அவனுடையது.

இப்போது தினமும் 10 நிமிடம், தடித்த பேனையைத் தளரப் பிடித்து எழுதுகிறான். வலி நிற்காவிட்டால் டொக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். கணக்கு வகுப்பை நிறுத்தவில்லை.