நோயை மறைத்ததாகச் சொல்லி ஆயுள் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டால் நாமினி செய்ய வேண்டியவை

"பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த சர்க்கரை நோயைத் தெரிவிக்கவில்லை, ஆகவே உரிமைகோரல் நிராகரிக்கப்படுகிறது" என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்ததும், பல குடும்பங்கள் "அவருக்கு எந்த நோயும் இருந்ததில்லை" என்று உடனே பதில் எழுதி அனுப்பிவிடுகின்றன. அந்த அவசரம் வேண்டாம். பின்னர் ஏதேனும் மருத்துவமனை ஏடு அதற்கு மாறாக இருந்தால், அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். நோய் இருந்ததா என்பது மட்டுமல்ல, பாலிசி கேட்டு விண்ணப்பித்த முன்மொழிவுப் படிவத்தில் என்ன கேட்கப்பட்டது, பதிலை யார் எழுதினார், மறைத்ததை நிறுவனம் எதைக் கொண்டு நிரூபிக்கிறது என்பவையும் சேர்ந்தே இத்தகைய வழக்குகளின் முடிவைத் தீர்மானிக்கின்றன.

முதலில் தேதிகளைப் பாருங்கள். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 45-ஆவது பிரிவு, 2015-இல் திருத்தப்பட்ட வடிவில், மூன்று ஆண்டுகள் கடந்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும், மோசடி என்று சொல்லியும்கூட, கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. பாலிசி வழங்கிய நாள், இடர்க்காப்பு தொடங்கிய நாள், காலாவதியான பாலிசியைப் புதுப்பித்த நாள், ரைடர் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் காப்பு) சேர்த்த நாள் ஆகியவற்றில் எது கடைசியோ அதிலிருந்து இந்த மூன்று ஆண்டுகளைக் கணக்கிட வேண்டும். பத்து ஆண்டுகள் ஒழுங்காகப் பணம் கட்டியவர், இடையில் பிரீமியம் தவறிப் பாலிசியைப் புதுப்பித்திருந்தால், புதுப்பித்த நாளிலிருந்து கணக்கு மீண்டும் தொடங்கிவிடுகிறது. அப்போது கையெழுத்திட்ட உடல்நல உறுதிமொழியும் ஆய்வுக்கு வரும்.

மூன்று ஆண்டுகளுக்குள் மறுப்பதாயின், காரணத்தையும் அதற்கு ஆதாரமாகக் கொண்ட ஆவணங்களையும் நிறுவனம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கடிதத்தில் அவை இல்லையென்றால், அவற்றைக் கேட்பதே உங்கள் முதல் கடிதமாக இருக்கட்டும். கூடவே, முன்மொழிவுப் படிவத்தின் முழு நகலையும், பாலிசிக்கு முன் மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் அறிக்கையையும், புலனாய்வாளர் அறிக்கையையும் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

படிவம் கையில் வந்ததும் ஒவ்வொரு கேள்வியாகப் படியுங்கள். கேள்வி குறிப்பிட்ட ஒரு காலத்தில் பெற்ற சிகிச்சையைப் பற்றியதாக இருக்கலாம். மறுப்புக் கடிதமோ அந்தக் காலத்துக்கு வெளியே உள்ள சிகிச்சையைக் காட்டலாம். நம் ஊரில் படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் ஏஜென்ட்தான் என்பதும், எல்லாக் கட்டங்களிலும் "இல்லை" என்று குறித்துக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு என்பதும் யாருக்கும் புதிய செய்தியல்ல. பாலிசி பேசி முடிப்பவரை, ஒப்பந்தம் உருவாகும் அளவில் நிறுவனத்தின் முகவராகவே கொள்ள வேண்டும் என்று 45-ஆவது பிரிவின் விளக்கமே கூறுவதால், நோயைப் பற்றி ஏஜென்டிடம் சொன்னதற்கு வாட்ஸ்அப் செய்தியோ சாட்சியோ இருந்தால் அது மிகவும் பயன்படும். தமிழில் கையெழுத்திட்டவரின் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், உள்ளடக்கத்தை அவருக்கு விளக்கிச் சொன்னதாக வேறொருவர் உறுதிமொழி தந்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

அடுத்தது மருத்துவமனை ஏடு. நிறுவனங்கள் பெரும்பாலும் நம்புவது, டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்" என்று இருக்கும் ஒற்றை வரியைத்தான். நள்ளிரவில் அவசரப் பிரிவில், நோயாளி பேச முடியாத நிலையில், பக்கத்தில் நின்ற உறவினரிடம் பணி மருத்துவர் கேட்டு எழுதிய வரியாகவும் அது இருக்கலாம். அதை எழுதிய மருத்துவரின் பிரமாண வாக்குமூலமோ, அந்த ஐந்து ஆண்டுகளில் சிகிச்சை பெற்றதற்கான மருந்துச் சீட்டோ ஆய்வக முடிவோ இல்லாமல், அந்த வரி மட்டும் போதாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல முறை கூறியிருக்கின்றன. ஆகவே, குடும்ப மருத்துவரிடம் நோய் முதலில் கண்டறியப்பட்ட தேதிக்குச் சான்று பெறுங்கள். பணியில் இருந்தவராயின் விடுப்புப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே நோய் மறைக்கப்பட்டிருந்தால் அதை மறுக்காமல், அந்த நோய் முக்கியமானதா என்ற கேள்விக்கு வாருங்கள். மோசடி அல்லாத மறைப்பில், உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே வழங்கியிருக்க மாட்டோம் என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது. முதுகுத் தண்டுத் தேய்மானத்தைச் சொல்லாத ஒருவர் இதய நோயால் இறந்த வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2020-இல், பாலிசி எடுத்து ஒரே மாதத்தில் இறந்தவர் தீவிரமான நோயையும் மருத்துவமனைச் சிகிச்சையையும் மறைத்திருந்த வழக்கில், நிறுவனத்தின் மறுப்பு சரியென்றது. உங்கள் வழக்கு இரண்டாவதைப் போன்றதாயின், பெரிய நம்பிக்கையோடு செலவு செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

முறையீட்டை முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (IRDAI) புகார்த் தளமான பீமா பரோசா இணையதளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) செல்லலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் தீர்வு வழங்கலாம், அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் அதை ஏற்க மாட்டார். எனவே வரிசை முக்கியம்.

தொகை பெரிதாக இருந்தாலோ மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருந்தாலோ, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகுங்கள். எந்த நிலை ஆணையம் வழக்கை விசாரிக்கலாம் என்ற பண வரம்பு, காப்பீட்டுத் தொகையை அல்ல, கட்டிய பிரீமியத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதால், கோடி ரூபாய் டேர்ம் பாலிசியும் (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் தொகை தரும் பாலிசி) பெரும்பாலும் மாவட்ட ஆணையத்திலேயே அடங்கிவிடும்.

மோசடி என்று கூறாமல் மறுக்கும் நிறுவனம், கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால் பதற வேண்டாம். ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டதாகவும் முழுத் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் உடனே கடிதம் எழுதுங்கள். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகம் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.