சொரியாசிஸ் படத்துக்கு மதிப்பெண் போடும்போது எங்கே சறுக்குகிறோம்?

தோல் திட்டுத்திட்டாகத் தடித்துச் செதில் உதிரும் சொரியாசிஸ் நோய் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்க்கத் தோல் மருத்துவர்களிடம் 1978 முதல் பாஸி (PASI) என்றொரு மதிப்பெண் முறை இருக்கிறது. சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் 0 முதல் 4 வரை, பரவிய பரப்புக்கு 0 முதல் 6 வரை. முதல் மூன்றின் கூட்டலைப் பரப்பின் எண்ணால் பெருக்கி, உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள பங்குப்படி கூட்டினால் அதிகபட்சம் 72. இப்போது போனில் எடுத்த படத்தைக் கொடுத்தால் மென்பொருளே எண்ணைச் சொல்லிவிடுகிறது. அந்த எண் எதிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் நம்புவதில்தான் சிக்கல்.

முதல் சிக்கல் சிவப்பு. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அது சிவப்பாகவே தெரியாது. ஊதாவாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருக்கும். வெள்ளைத் தோல் படங்களையே பார்த்துப் பழகிய மென்பொருள் அதைக் குறைத்து மதிப்பிடலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நோய் அடங்கிய இடத்தில் மாதக்கணக்கில் கருமை நிற்கும். அது நோய் இல்லை, நோய் விட்டுப்போன தடம். அதையும் நோயாக எண்ணிவிட்டால் பலன் தந்துகொண்டிருக்கும் மருந்துகூடப் பயனற்றதாகத் தோன்றும். நம் ஊர் நோயாளிகளின் படங்களில் சோதித்துப் பார்க்காத செயலியை நான் நம்பமாட்டேன்.

அடுத்து, எண்ணெய். தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவியவுடனே படம் எடுத்தால் செதில் படிந்து, கண்ணுக்கே தெரியாது. எண்ணெய்ப் பளபளப்பைப் பார்த்து மென்பொருள் 'முன்னேற்றம்' என்று சொல்லும். தடவுவதற்கு முன்பே எடுங்கள். பியூட்டி மோடும் இதே வேலையைச் செய்யும்; அதை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து எடுத்தால் நிறத்தை ஒப்பிடலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாகுமென்டாக அனுப்புங்கள், படம் சுருங்காது.

தடிப்பைத் தொட்டுப் பார்த்துத்தான் சரியாகச் சொல்ல முடியும். நேராக எடுத்த படத்தில் அது தட்டையாகிவிடும். சாய்த்து எடுத்த இன்னொரு படம் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

பரப்பில் நடப்பது வேறு தவறு. வலிக்கிற இடத்தை மட்டும் குளோஸப்பில் எடுப்பார்கள். திட்டு எவ்வளவு பெரியது என்று அதில் தெரியாது. விரல்களோடு சேர்ந்த நம் உள்ளங்கை உடம்பில் ஏறக்குறைய 1%. அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். முகத்தை மட்டும் அனுப்புவதும் போதாது. பாஸியில் தலைக்கு 10%, கால்களுக்கு 40% பங்கு.

செயலி செய்பவர்களுக்கு ஒன்று: ஒரே நோயாளியின் படங்களை மென்பொருளைப் பழக்குவதற்கும், பிறகு அதைச் சோதிப்பதற்கும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். துல்லியம் அழகாக வரும், புது ஆள் வந்ததும் விழும். ஒரே மருத்துவர் போட்ட மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பழக்குவதும் ஆபத்து. ஒரே திட்டுக்கு இரண்டு மருத்துவர்கள் வேறுவேறு எண் போடுவது சாதாரணம்.

அரிப்பு, தூக்கமின்மை, மூட்டு வலி எதுவும் படத்தில் வராது, பாஸியிலும் வராது. எண் குறைந்திருந்தாலும் காலையில் விரல் மூட்டு இறுகி வலித்தால், அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.