உங்க ஊர் பிரச்சனையை பேப்பர்ல வர வைக்கிறது எப்படி

ஊர்ல தண்ணி வரலன்னா நம்மாளுங்க மொதல்ல சொல்றது "பேப்பர்காரருக்கு போன் போடு", அடுத்ததா சொல்றது "அவனுங்க எல்லாம் காசு வாங்கிட்டுதான் போடுவானுங்க". நான் ஒரு தாலுகாவுக்கு எட்டு வருஷம் பகுதி நேர நிருபரா இருந்தேன், இந்த ரெண்டையும் ஒரே வாய்ல இருந்து ஒரே நாள்ல கேட்டிருக்கேன். ஒரு செய்தி எப்படி உள்ள போயி எப்படி வெளிய வருதுன்னு தெரிஞ்சிக்கிட்டா உங்க பிரச்சனை பேப்பர்ல வர வாய்ப்பு நிறைய இருக்கு, அதான் எழுதுறேன்.

முதல்ல யார் என்ன வேலை பண்றாங்கன்னு பார்த்துடுவோம். உங்க ஊருக்கு பைக்ல வர்றவர் செய்தியை எழுதி அனுப்புறதோட சரி. தலைப்பு வைக்கிறது, வெட்டுறது, எந்தப் பக்கம்னு முடிவு பண்றது எல்லாம் ஆபீஸ்ல டெஸ்க்ல இருக்கிற சப் எடிட்டர்ங்க. பல தாலுகா நிருபர்களுக்கு மாசச் சம்பளமே கிடையாது, வந்த செய்திக்கு இவ்வளவுன்னு கணக்கு, வேற ஒரு தொழிலும் பார்த்துக்கிட்டுதான் இதையும் பண்றாங்க. அதனால "முதல் பக்கத்துல போடுங்க சார்"னு அவர்கிட்ட கேக்கறதுல பிரயோஜனம் இல்ல, அது அவர் கையில இல்லவே இல்ல.

இதுல எனக்கே நடந்த ஒண்ணு சொல்றேன். ஒரு கிராமத்துல 12 நாளா குடிதண்ணி இல்ல, போய் பார்த்தேன், மேல்நிலைத் தொட்டி காஞ்சு கிடக்கு, மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. டேங்க் ஆபரேட்டர் பாவம், தன் கைக்காசு போட்டு மோட்டாரை கழட்டி மெக்கானிக்கிட்ட கொண்டு போயிருக்கார், பில் பாஸ் ஆகாததால மெக்கானிக் திருப்பித் தரல. இதை எல்லாம் எழுதினேன், ஆனா ஆபரேட்டர் விஷயத்தை கடைசி பாராவுல வெச்சேன். ராத்திரி கடைசி நேரத்துல ஒரு விளம்பரம் வந்துடுச்சு, இடம் பத்தல, டெஸ்க்ல கடைசி பாராவை வெட்டிட்டாங்க, தலைப்பு "ஆபரேட்டர் அலட்சியம்: கிராம மக்கள் அவதி". காலையில ஏழு மணிக்கு அந்த மனுஷன் பேப்பரை மடிச்சு கையில வெச்சுக்கிட்டு என் வீட்டு வாசல்ல நிக்கிறார், திட்டக்கூட இல்ல, "தம்பி நான் சொன்னதை எழுதலையா"ன்னு மட்டும் கேட்டார். மறுநாள் திருத்தம் போட வெச்சேன், ஆனா தலைப்பு படிச்ச ஊரு திருத்தத்தை படிக்கல. இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

இதுல இருந்து நீங்க எடுத்துக்க வேண்டியது என்னன்னா, செய்தியில இடம் பத்தலன்னா கீழ இருந்துதான் வெட்டுவாங்க. அதனால நிருபர்கிட்ட பேசும்போது பிரச்சனையோட வரலாறை 1990ல இருந்து ஆரம்பிக்காதீங்க. எந்த ஊரு, எத்தனை வீடு, எத்தனை நாளா, யார்கிட்ட எந்தத் தேதியில மனு கொடுத்தீங்க, என்ன பதில் வந்துச்சு, இது முதல் ரெண்டு நிமிஷத்துல வந்துடணும். மனு கொடுத்த ரசீது இருந்தா அதை போட்டோ எடுத்து அனுப்புங்க, சத்தியமா சொல்றேன், அந்த ஒரு ரசீது நூறு பேர் கோஷத்தை விட பெருசு. ஏன்னா டெஸ்க்ல "இதுக்கு ஆதாரம் என்ன"ன்னு கேட்டா நிருபர் அதைத்தான் காட்ட முடியும். போட்டோவை வாட்ஸப்ல சாதாரணமா அனுப்பினா குவாலிட்டி குறைஞ்சிடும், டாக்குமெண்டா அனுப்புங்க. மத்தியானத்துக்குள்ள அனுப்பிடுங்க, எங்க பேப்பர்ல மாவட்டப் பக்கத்துக்கு சாயங்காலம் ஆறு மணி தாண்டினா அடுத்த நாள்தான்.

எங்கயோ இருந்து வந்த வீடியோவை "நம்ம ஊர்ல நடந்தது"ன்னு ஃபார்வர்ட் மட்டும் பண்ணிடாதீங்க. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிக்கிறாங்கன்னு பரவுன வீடியோக்கள் ஞாபகம் இருக்கும். ஒண்ணு திருப்பூர்ல பீகார் ஆளுங்களுக்குள்ளயே நடந்த சண்டை, இன்னொண்ணு கோவையில உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்ததுன்னு போலீஸ் டி.ஜி.பி. விளக்கம் கொடுக்க வேண்டி வந்துச்சு, பீகார்ல இருந்து அதிகாரிங்க குழுவே வந்து விசாரிச்சாங்க. விசாரிக்காம போட்ட ஊடகங்களும் இருந்துச்சு, அது தப்புதான், ஆனா ஆரம்பம் யாரோ ஒருத்தர் ஃபார்வர்ட் பண்ணதுதான்.

அடுத்து எல்லாரும் தப்பா புரிஞ்சிக்கிற விஷயம். நீங்க பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) மேல புகார் சொல்றீங்க, நிருபர் உடனே அந்த பி.டி.ஓ.வுக்கே போன் போடுவார். "பாத்தியா, அந்தாளோட சேர்ந்துட்டான்"னு நினைப்பீங்க. இல்லங்க, குற்றச்சாட்டு வந்தா சம்பந்தப்பட்டவர் விளக்கத்தை கேட்டுத்தான் போடணும், பேப்பருங்க மேல வர்ற புகாரை விசாரிக்கிற பிரஸ் கவுன்சிலோட நடத்தை நெறியிலயே அது இருக்கு. கேக்காம போடுற நிருபரைத்தான் நீங்க சந்தேகப்படணும்.

உங்க பேர் வரக்கூடாதுன்னா பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, எல்லாம் சொல்லி முடிச்சிட்டு "என் பேரை போட்டுடாதீங்க"ன்னா அது அவரோட நல்ல மனசைப் பொறுத்தது. பாலியல் குற்றம், குழந்தைங்க சம்பந்தப்பட்ட விஷயம்னா பாதிக்கப்பட்டவங்க பேர், போட்டோ, ஸ்கூல் எதையும் குரூப்ல போடாதீங்க, அது பேப்பருக்கு மட்டும் உள்ள சட்டம் இல்ல, நமக்கும் சேர்த்துத்தான்.

காசு விஷயத்துக்கு வர்றேன். செய்தி போட காசு கிடையாது, யாராவது கேட்டா கொடுக்காதீங்க, வண்டியில பிரஸ்னு ஸ்டிக்கர் இருக்குறதால ஒருத்தர் நிருபர் ஆகிட மாட்டார். பேப்பர் ஆபீஸ் நம்பர் பேப்பர்லயே இருக்கும், கூப்பிட்டு "இவர் உங்க ஆள்தானா"ன்னு கேளுங்க. அதுக்காக காசுக்கு செய்தி வர்றதே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். 2009 தேர்தல்கள்ல விளம்பரத்தை செய்தி மாதிரி போட்டது பெரிய விவகாரமாகி பிரஸ் கவுன்சில் குழு போட்டு விசாரிச்சது. ஆனா அந்த வியாபாரம் நடக்குறது வேட்பாளருக்கும் பேப்பர் நிர்வாகத்துக்கும் நடுவுல, உங்க தெருக்குழாய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

தப்பா வந்துட்டா நிருபரை மிரட்டாதீங்க, ஆசிரியருக்கு எழுதுங்க. பேப்பர்ல எங்கயாவது ஒரு மூலையில பொடி எழுத்துல ஆசிரியர், வெளியிடுபவர் பேரும் முகவரியும் கட்டாயம் அச்சடிச்சிருக்கும், அந்த முகவரிக்கு எந்தத் தேதி, எந்தப் பக்கம், எது தப்பு, எது சரின்னு நாலு வரி போதும். பதில் வரலன்னா பிரஸ் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கு போகலாம், தினசரிக்கு செய்தி வந்ததுல இருந்து 2 மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும், முதல்ல ஆசிரியருக்கு எழுதினதோட நகல் வேணும். அவங்க எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. டிவி அவங்க கீழ வராது.

செய்தி நல்லபடியா வந்துடுச்சுன்னா அதோட விட்டுடாதீங்க, நிறைய ஊர்ல இங்கதான் கோட்டை விடுறாங்க. தேதி தெரியிற மாதிரி அந்தப் பகுதியை வெட்டி நாலு ஜெராக்ஸ் எடுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனுவோட சேர்த்து குடுங்க, மனு நம்பரை அந்த நிருபருக்கு அனுப்புங்க. குழாய்ல தண்ணி வந்தாலும் போன் பண்ணி சொல்லுங்க, "செய்தி எதிரொலி"ன்னு அதையும் எழுதுவார். அந்த ஆபரேட்டர் ஊர்ல மோட்டார் மாட்டினப்ப எனக்கு போன் பண்ணி சொன்னது அவரேதான்.