பெயர் ஏறினால்தான் பணம் வரும்

மண்டபம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2022 மார்ச்சில் இலங்கை நெருக்கடி முற்றியபோது, தனுஷ்கோடிக் கடலோரத்தில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்க ஆரம்பித்தார்கள். விசாரணை முடிந்து முகாமுக்கு வந்த சில வாரங்களில் பிள்ளைகள் பள்ளி வாசலில் நின்றார்கள். பணத்துக்கு எங்கே போவது என்று இப்போதும் இளைய தலைமையாசிரியர்கள் போனில் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில், "அகதிப் பிள்ளை மானியம்" என்று ஒரு தலைப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இருக்கிற தலைப்புகளுக்குள் பிள்ளையைக் கொண்டுவருவதுதான் வேலை. அதற்கு எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில், பெயர் ஏற வேண்டும். பாடநூல், சீருடை, சத்துணவு, ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு எல்லாம் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான்.

சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோரின் உறுதிமொழி போதும். ஒரு தாய் பாலித்தீன் பையைப் பிரித்து, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் உப்புநீரில் ஊறிப் பொருமியிருந்தது; பிறந்த தேதி மட்டும் தெளிவாக இருந்தது. அதையே நகலெடுத்து வைத்துக்கொண்டேன். "விடுகைப் பத்திரம் இல்லை டீச்சர்" என்றார். நம் ஊர் டி.சி.யைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். சரி, முகாம் பதிவின் நகலையும் கூடவே வாங்கி வையுங்கள், தணிக்கைக்கு உதவும்.

வகுப்பைத் தீர்மானிக்கும்போது கவனம். இலங்கையில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும். "தரம் 4" என்றால் நம் நான்காம் வகுப்பு என்று உடனே எழுதிவிடாதீர்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தருவது சட்டத்தின் 4ஆம் பிரிவு. இதற்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நிதி உண்டு. வட்டார வள மையத்தில் பள்ளி செல்லாப் பிள்ளைகள் பட்டியலைப் பார்ப்பவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். என் அனுபவத்தில் தமிழ் பிரச்சினையே இல்லை, கையெழுத்துகூட முத்து முத்தாக இருக்கும், ஆங்கிலம்தான் இடிக்கும்.

அடுத்தது அதே திட்டத்தில் வரும் பள்ளி மானியம். முப்பதைத் தாண்டி நூறு பேர் வரை என்றால் 25,000 ரூபாய். நூறைத் தாண்டி 250 வரை 50,000. எங்களிடம் 97 பேர் இருந்தார்கள். ஆறு பிள்ளைகள் சேர்ந்ததும் 103. எமிஸில் ஏற்றாமல் சும்மா உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தால் பாதிப் பணம் போயிருக்கும். அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு என்பதை மறக்காதீர்கள்.

மானியத்துக்கு அடங்காத தேவைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போடுங்கள். குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான். முகாம் தாய் ஒருவரையும் சேர்த்துவிட்டால் எது உண்மையில் தேவை என்று தெரியும். எங்களுக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது, பிள்ளைகளுக்குச் செருப்பு இல்லை என்று. அப்புறம் அதை 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் தளத்தில் ஏற்றுங்கள். மனு எழுதும்போது கண்ணீர் வேண்டாம். நான் முதலில் மூன்று பக்கம் உருகி உருகி எழுதினேன்; ஓர் அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் திரும்பி வந்தது: "தேவைப்பட்டியல் இணைக்கவும்."

ஒரு எச்சரிக்கை. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் பணம் அனுப்புகிறேன் என்பார். மனசு நல்ல மனசுதான். ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தரும் பணம், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் 2010க்குள் வரும். பள்ளிக் கணக்கிலோ உங்கள் சொந்தக் கணக்கிலோ வாங்கிவிடாதீர்கள். அந்தச் சட்டத்தின்கீழ் பதிவுள்ள தொண்டு நிறுவனம் வழியாகப் பொருளாக வரட்டும்.

கடைசியாக, ஆண்டு நடுவில் சில குடும்பங்களை வேறு மாவட்ட முகாமுக்கு மாற்றுவார்கள். அன்றைக்கே பிள்ளையின் பெயரை எமிஸில் காமன் பூலுக்கு, அதாவது புதுப் பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, அனுப்பிவிடுங்கள். நான் ஒரு தடவை பத்து நாள் தாமதித்தேன். அந்தப் பத்து நாளும் அங்கே அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்கவில்லை.